பீரங்கி இழுவை வண்டி மாடல் கட்டுவது எப்படி: கொக்கியிலிருந்து தொடங்கும் முழு வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த் சமூக மண்டபம் ஒன்றில், சனிக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்ததும் ஏழெட்டுப் பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து பிளாஸ்டிக் மாடல் கட்டுகிறோம். பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள், இரண்டு மூன்று ஓய்வுபெற்ற அண்ணன்மார். டாங்கி கட்டிப் பழகியவர்கள்கூடப் பீரங்கியை இழுக்கும் சங்கிலிச் சக்கர வண்டிக்கு வந்ததும் தடுமாறுகிறார்கள். தடுமாறும் இடமும் எல்லாருக்கும் ஒன்றேதான்: வண்டியை முழுதாக முடித்துவிட்டு, கடைசியில் பீரங்கியைக் கொண்டுவந்து மாட்டப் பார்க்கிறார்கள். பீரங்கியின் இழுவை வளையம் வண்டியின் கொக்கிக்கு மேலே நிற்கும், இல்லையென்றால் கீழே தொங்கும்.

டாங்கி தனியாக நிற்கும் மாடல். இது ஜோடி மாடல். அதனால் வேலை செய்யும் வரிசையே வேறு. 1/35 அளவில், அமெரிக்காவின் எம்4 அதிவேக இழுவை வண்டியையும் அது இழுத்த 155 மி.மீ. ‘லாங் டாம்’ பீரங்கியையும் வைத்துச் சொல்கிறேன். வண்டி ஹாபி பாஸ் நிறுவனத்தின் பெட்டியில் கிடைக்கும், பீரங்கி ஏஎஃப்வி க்ளப் நிறுவனத்தின் பெட்டியில். வேறு ஜோடி எடுத்தாலும் வரிசை மாறாது.

1. எது எதை இழுக்கிறது என்று முடிவு செய்யுங்கள்

பெட்டி வாங்கும் முன்பே செய்ய வேண்டிய வேலை இது. எம்4 வண்டியில் இரண்டு வகை உண்டு. ஒன்று 3 அங்குல, 90 மி.மீ. விமான எதிர்ப்புப் பீரங்கிகளுக்கு. இன்னொன்று 155 மி.மீ., 8 அங்குலம் போன்ற கனமான பீரங்கிகளுக்கு. பின்பக்கம் குண்டு வைக்கும் பெட்டி இரண்டிலும் வேறுவேறு. லாங் டாமின் ஒரு குண்டு சுமார் 43 கிலோ. அதைக் கையால் தூக்கி ஏற்றிக்கொண்டே இருக்க முடியாது என்பதால் கனரக வகையில் தூக்கும் சாதனமும் உண்டு. பெட்டியின் மேல்படத்தைப் பார்த்து வாங்கினால் தவறிவிடும், வகையை வாசித்து வாங்குங்கள்.

எடைக்கணக்கையும் பாருங்கள். எம்4 சுமார் 14 டன், லாங் டாமும் கிட்டத்தட்ட 14 டன். தன் எடைக்குச் சமமான ஒன்றை மணிக்கு 50 கி.மீ. வேகம் வரை போகக்கூடிய வண்டி இழுக்கிறது. பிரேக் குழாய், பாதுகாப்புச் சங்கிலி, கொக்கியின் பருமன் எல்லாம் ஏன் அப்படி இருக்கின்றன என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும்.

இன்னொரு எச்சரிக்கை. ஒரு பையன் தென்னாப்பிரிக்காவின் ஜி5 பீரங்கியைச் சங்கிலிச் சக்கர வண்டியில் மாட்ட ஆசைப்பட்டான். ஜி5-ஐ இழுப்பது சாமில் 100 என்ற ஆறு சக்கர லாரி. தூரம் அதிகமான நாடு இது, நம் ராணுவம் டயர்களையே நம்பியது. அங்கோலா எல்லைப் போர்க் காலத்தை வைத்துச் சங்கிலிச் சக்கரம் வேண்டுமென்றால் சோவியத் பக்கம் போங்கள். 130 மி.மீ. எம்-46 பீரங்கியை இழுக்க அவர்கள் பயன்படுத்திய ஏடிஎஸ்-59 வண்டி இருக்கிறது.

2. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

ஓரம் நேராக வெட்டும் நிப்பர், புது பிளேடு போட்ட கத்தி, 400, 600, 1000 எண் உப்புத்தாள்கள், கூர்மூக்கு இடுக்கி, மெல்லிய பிளாஸ்டிக் பசை, கொஞ்சம் சூப்பர் க்ளூ, மாஸ்கிங் டேப், 30 செ.மீ. இரும்பு அளவுகோல். இதெல்லாம் எல்லா மாடலுக்கும் பொது.

இந்த வேலைக்கென்று தனியாக மூன்று பொருள் தேவை. முதலாவது ஒரு கண்ணாடித் துண்டு. பழைய படச்சட்டத்தின் கண்ணாடி போதும், ஓரத்தில் டேப் ஒட்டிவிடுங்கள். மேசைப் பலகை சமமாக இருப்பதாக நமக்குத் தோன்றும், இருக்காது. கண்ணாடி ஏமாற்றாது.

இரண்டாவது, மெத்தைப் பஞ்சு. பாத்திரம் கழுவும் ஸ்பாஞ்சை வெட்டிக்கொள்ளலாம். சங்கிலிப் பட்டையை உலரும்வரை அழுத்திப் பிடிக்க இது வேண்டும்.

மூன்றாவது, மாடலை வைக்கப் போதுமான இடம். லாங் டாமின் குழல் மட்டும் உண்மையில் சுமார் 7 மீட்டர், 1/35-இல் 20 செ.மீ. வண்டியோ 15 செ.மீ.தான். இரண்டும் கோத்து நிற்க அரை மீட்டர் நீளப் பலகை வேண்டும். மாடலை முடித்த பிறகு வீட்டில் அலமாரி அளந்து தலையில் கை வைத்தவர்கள் எங்கள் மேசையிலேயே இருவர். அதில் ஒருவன் நான்.

3. படம் பாருங்கள், ஆனால் சரியான படம்

வலையில் கிடைக்கும் பீரங்கிப் படங்களில் பெரும்பாலானவை சுடும் நிலையில் எடுத்தவை. சுடுவதுதானே பார்க்க நன்றாக இருக்கிறது. நமக்கு வேண்டியது பயண நிலை. இரண்டிலும் ஒரே பீரங்கி வேறு உருவம்போல் இருக்கும். குறைந்தது மூன்று படம் தேடுங்கள்: பக்கவாட்டில் ஒன்று, கொக்கிப் பகுதி தெரிய ஒன்று, பின்னாலிருந்து ஒன்று.

வாய்ப்பிருந்தால் ஜோஹன்னஸ்பர்க் சாக்ஸன்வோல்டில் இருக்கும் தேசிய ராணுவ வரலாற்று அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். நீங்கள் கட்டும் அதே பீரங்கி அங்கே இருக்க வேண்டியதில்லை. நிற்கிற எந்தப் பழைய பீரங்கியின் பின்பக்கமும் குனிந்து பார்த்தால் இழுவை வளையம் எவ்வளவு தடிமன், அதைச் சுற்றி எங்கே பெயின்ட் தேய்ந்திருக்கிறது என்பது தெரியும். எல்லாரும் குழலைப் படம் எடுப்பார்கள். நீங்கள் வளையத்தை எடுங்கள்.

4. அடிப்பாகமும் தரைச்சக்கரங்களும்

பிளாஸ்டிக் சட்டங்களை முதலில் சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் கழுவி உலர்த்துங்கள். அச்சிலிருந்து கழற்ற ஆலையில் பூசும் எண்ணெய் ஒட்டியிருந்தால் பெயின்ட் பிடிக்காது.

அடித்தொட்டியை ஒட்டியதும் கண்ணாடிமேல் வைத்து நான்கு மூலையையும் விரலால் அழுத்திப் பாருங்கள். ஆடினால் இப்போதே திருத்துங்கள். பசை முற்றும் இறுகாத முதல் அரை மணி நேரத்தில் இலேசாக முறுக்கிச் சரிசெய்யலாம். அப்புறம் முடியாது.

சக்கரம் தாங்கும் போகிகளை ஒட்டும்போதும் வண்டி கண்ணாடிமேலேயே இருக்கட்டும். தரைச்சக்கரங்கள் அத்தனையும் கண்ணாடியைத் தொட வேண்டும். ஒரு சக்கரம் அரை மில்லிமீட்டர் தூக்கி நின்றால் பட்டை மாட்டும்போது அந்த இடத்தில் பாலம் போல் தெரியும். 14 டன் வண்டி அப்படி மிதக்காது, பார்ப்பவர் கண்ணுக்கு உடனே பொய் தெரிந்துவிடும்.

முன்னால் இருந்து பட்டையை இழுக்கும் பல்சக்கரத்தையும், பின்னால் பட்டை வளைந்து திரும்பும் ஐட்லர் சக்கரத்தையும் ஒட்டாதீர்கள், சும்மா செருகி வையுங்கள். காரணம் 6-ஆம் படியில்.

5. இப்போது கொக்கி

வழிகாட்டித்தாளில் இது கடைசிப் பக்கங்களில் வரும். நீங்கள் இங்கேயே செய்யுங்கள்.

பீரங்கிப் பெட்டியைத் திறந்து, அதன் சக்கரத் தொகுதி, பின்கால்கள், லிம்பர் ஆகியவற்றை மட்டும் பசையில்லாமல் கோத்து நிறுத்துங்கள். லிம்பர் என்பது இரண்டு சக்கரமுள்ள சின்ன முன்வண்டி. பீரங்கியின் மூடிய பின்கால்கள் அதன்மேல் ஏறி உட்காரும், அதன் நீட்டிய கையிலுள்ள வளையம் இழுவை வண்டியின் கொக்கியில் மாட்டும்.

லிம்பர் எதற்கு? இந்த ஊரில் இதை விளக்குவது எளிது. கடற்கரையில் பக்கியில், அதாவது பின்பக்கம் திறந்த சின்ன சரக்கு வண்டியில், படகு டிரெய்லரை மாட்டிப் போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். டிரெய்லரின் மூக்கில் கனம் கூடினால் பக்கியின் பின்பக்கம் தாழ்ந்து முன்சக்கரம் பிடிமானம் இழக்கும். பீரங்கியிலும் அதே கதை. பின்கால்களின் கனம் முழுவதும் கொக்கியில் தொங்கினால் வண்டியின் பின்பக்கம் அமிழும். லிம்பர் அந்தக் கனத்தைத் தன் இரண்டு சக்கரத்தில் வாங்கிக்கொள்கிறது. ஆகவே உங்கள் மாடலில் லிம்பரின் கை ஏறக்குறைய கிடையாக நிற்க வேண்டும். சரிந்து நின்றால் எங்கோ தவறு.

சரி, இப்போது வண்டியின் பின்தட்டைப் பசையில்லாமல் வைத்து, கொக்கியைப் பொருத்தி, இரண்டையும் கண்ணாடிமேல் ஒன்றின்பின் ஒன்றாக நிறுத்துங்கள். வளையம் கொக்கிக்குள் தானாக உட்கார வேண்டும். 1 மி.மீ. வித்தியாசம் என்றால் கொக்கியின் அடித்தட்டைத் தேய்த்தோ, மெல்லிய பிளாஸ்டிக் தகடு வைத்தோ சரிக்கட்டலாம். அதற்கு மேல் என்றால் கொக்கியைத் தொடாதீர்கள், 4-ஆம் படிக்குத் திரும்புங்கள். போகி எதுவோ தலைகீழாகவோ கோணலாகவோ ஒட்டியிருக்கும். எங்கள் மேசையில் ஒரு தம்பிக்கு 4 மி.மீ. இறங்கியிருந்தது. கொக்கியை அறுத்து மேலே ஏற்றுகிறேன் என்றான். அறுக்காமல் தேடியபோது, இடப்பக்கப் போகியும் வலப்பக்கப் போகியும் இடம் மாறியிருந்தன.

கொக்கியின் தாடை திறந்து மூட வேண்டும் என்று சிலர் மெனக்கெடுவார்கள். தேவையில்லை. தாடையைத் தனியாக வைத்திருங்கள், கடைசியில் வளையத்தை வைத்து மூடி ஒட்டலாம். ஒட்டுவதா வேண்டாமா என்பதும் 11-ஆம் படிக்குரிய கேள்வி.

6. சங்கிலிப் பட்டை: இங்கேதான் நேரம் போகும்

ஒரு மாலையை இதற்கென்றே ஒதுக்குங்கள். பாதியில் எழுந்து போக முடியாத வேலை.

தனித்தனிக் கண்ணியாக வரும் பட்டைதான் பெரும்பாலும். ஒவ்வொரு கண்ணியையும் சட்டத்திலிருந்து வெட்டித் தேய்க்க வேண்டும். அலுப்பான வேலைதான். இதைத் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே செய்யுங்கள், நான் கிரிக்கெட் பார்த்துக்கொண்டு செய்வேன். டெஸ்ட் போட்டி உத்தமம், விக்கெட் விழுந்தால் மட்டும் நிமிர்ந்தால் போதும்.

அளவுகோலில் மாஸ்கிங் டேப்பின் ஒட்டும் பக்கம் மேலே பார்க்குமாறு ஒட்டி, அதன்மேல் கண்ணிகளை நேர்வரிசையாக அடுக்குங்கள். வழிகாட்டும் பல் எல்லாம் ஒரே திசை பார்க்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஒரு கண்ணி திரும்பியிருந்தாலும் அது சக்கரத்துக்குள் போகாது, அப்போது வரிசையே உடையும்.

பிறகு மெல்லிய பசையை மூட்டுகளில் மட்டும் தொட்டுக்கொண்டு போங்கள். உடனே வளைக்காதீர்கள். 20 முதல் 30 நிமிடம் விடுங்கள். பசை இறுகியிருக்கும், ஆனால் உடையாமல் வளையும், தோல்வார்போல. அந்தப் பதம்தான் வேண்டும். சீக்கிரம் தூக்கினால் கண்ணி கண்ணியாகக் கையில் வரும், தாமதித்தால் படக்கென்று முறியும். கோடையில் பதம் சீக்கிரம் வரும். ஓர் உதிரிக் கண்ணி ஜோடியை அதே நேரத்தில் ஒட்டிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதை வளைத்துப் பார்த்து முடிவெடுங்கள். உண்மைப் பட்டையில் சோதனை செய்ய வேண்டாம்.

வரிசையைத் தூக்கிப் பல்சக்கரத்தில் தொடங்கிச் சுற்றுங்கள். கண்ணி எத்தனை என்று தாள் சொல்வது ஓர் ஆரம்பக் கணக்கு, அவ்வளவுதான். உங்கள் ஐட்லர் எந்த நிலையில் நிற்கிறது என்பதைப் பொறுத்து ஒன்று கூடும், ஒன்று குறையும். சுற்றி முடித்ததும் மேல்பக்கத்திலும் முன்வளைவிலும் ஸ்பாஞ்சைத் திணித்து இரவு முழுக்க விடுங்கள்.

தொய்வு எங்கே வர வேண்டும் என்பதைப் பலர் யோசிப்பதே இல்லை. பல்சக்கரம் முன்னால் இருக்கும் வண்டி முன்னோக்கி இழுக்கும்போது அது மேல்பக்கத்துப் பட்டையைத் தன் பக்கம் இழுக்கிறது. மேல்பக்கம் விறைப்பாக இருக்கும். தளர்ச்சி, பல்சக்கரத்துக்கும் முதல் தரைச்சக்கரத்துக்கும் இடையே வந்து சேரும். பல்சக்கரம் பின்னால் இருக்கும் வண்டியில் நேர்மாறு. அது தரையிலுள்ள பட்டையை இழுக்கிறது, மேல்பக்கம் தளர்ந்து தொங்கும். 14 டன்னை இழுத்துக்கொண்டு மேடேறும் எம்4-க்கு மேல்பக்கம் தொங்கத் தொங்கப் பட்டை மாட்டினால் வண்டி நிற்கிறது என்று பொருள். நிற்கும் காட்சிதான் வேண்டுமென்றால் சரி. எதைக் காட்டுகிறோம் என்று தெரிந்து செய்யுங்கள்.

உலர்ந்த பிறகு பட்டையை மேல்பாதி கீழ்பாதியாக, பல்சக்கரமும் ஐட்லரும் ஒட்டியபடியே, வெளியே இழுத்தெடுங்கள். 4-ஆம் படியில் அவற்றை ஒட்ட வேண்டாம் என்றது இதற்குத்தான். வெளியே எடுத்தால் பட்டைக்கும் தனியாகப் பெயின்ட், சக்கரங்களுக்கும் தனியாகப் பெயின்ட். ஒட்டிவிட்டவர்கள் மண்ணெண்ணெய் விளக்குக் கண்ணாடிக்குள் கைவிட்டுத் துடைப்பதுபோல் தூரிகையோடு போராடுவார்கள்.

7. பீரங்கியைப் பயண நிலைக்குக் கொண்டுவருதல்

வண்டியைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். அடுத்த பெரிய பிழை இங்கே காத்திருக்கிறது.

லாங் டாம் சுடும்போது குழல் முன்னே நீண்டிருக்கும், பின்கால்கள் விரிந்திருக்கும், சக்கரங்கள் மேலேறி பீரங்கியின் அடிப்பாகம் தரையில் உட்கார்ந்திருக்கும். பயணத்துக்கு எல்லாமே மாறும். குழலைப் பின்னுதைப்பு அமைப்பிலிருந்து விடுவித்துப் பின்கால்களின்மேல் பின்னோக்கி இழுத்துப் பூட்டுவார்கள். இழுக்காவிட்டால் எடையின் பெரும்பகுதி ஒரே பக்கம் குவியும், மொத்த நீளமும் திருப்பங்களில் அடங்காது. பின்கால்கள் மூடும், மண்ணில் ஊன்றும் தகடுகள் கழன்று பின்கால்களின்மேல் ஏறும், எட்டுச் சக்கரத் தொகுதி இறங்கித் தரையைத் தொடும்.

என் முதல் லாங் டாமில் குழலை முழுதாக முன்னே நீட்டி ஒட்டிவிட்டு, அதை லிம்பரில் ஏற்றி வண்டியில் மாட்டியிருந்தேன். ஒரு வருடம் அலமாரியில் இருந்தது. விருந்துக்கு வந்த ஒரு முன்னாள் பீரங்கிப்படைக்காரர் சாப்பாட்டுத் தட்டோடு வந்து ஒரே ஒரு பார்வை பார்த்தார். “என்னய்யா, சுட்டுக்கொண்டே ஓடுகிறதா?” என்றார்.

எந்தப் பெட்டியிலும் சுடும் நிலை, பயண நிலை என்று இரண்டு பக்கம் தனித்தனியே இருக்கிறதா என்று முதலில் புரட்டிப் பாருங்கள். இருந்தால் சுடும் நிலைப் பக்கத்தின்மேல் பேனாவால் பெருக்கல் குறி போட்டுவிடுங்கள். இல்லையென்றால் கை பழக்கத்தில் அந்தப் பக்கத்துக்குப் போய்விடும்.

குழல் எந்தப் பக்கம் பார்க்கும்? பின்கால்கள் வண்டிப் பக்கம், குழல்வாய் பின்னோக்கி. இதுதான் பொதுவழக்கம். விதிவிலக்கும் உண்டு. சோவியத் 122 மி.மீ. டி-30 பீரங்கியில் இழுவை வளையமே குழல்வாயின் அருகில் இருக்கிறது. அதைக் குழல்வாயைப் பிடித்து இழுக்கிறார்கள், பின்கால்கள் மூன்றும் குழலின் கீழே மடங்கிவிடும். எம்டி-எல்பி போன்ற சங்கிலிச் சக்கர வண்டியின் பின்னால் அது போவதைப் பார்த்தால் யானையைத் தும்பிக்கையைப் பிடித்துக் கூட்டிப்போவதுபோல் இருக்கும். நம் ஜி5-இல் குழலை 180 பாகை திருப்பிப் பின்கால்களின்மேல் பூட்டிவிடுவார்கள்.

சோவியத்தின் 203 மி.மீ. பி-4 இன்னும் சுவாரசியம். பீரங்கியே சங்கிலிப் பட்டைமேல் நிற்கிறது. ஆனாலும் தூரப் பயணத்துக்குக் குழலைக் கழற்றித் தனி வண்டியில் ஏற்றிப் போவார்கள். மொத்தமாக இழுத்தால் மனிதன் வேகநடை போடும் வேகத்துக்குச் சற்று மேல்தான். அதை இழுத்த ஸ்டாலினெட்ஸ் எஸ்-65 டிராக்டரும் மணிக்கு 7 கி.மீ.க்கு மேல் போகாது, அடிப்படையில் உழவு டிராக்டர். இந்த ஜோடி கட்டுகிறவர்கள் பறக்கும் புழுதி போட வேண்டாம்.

எல்லாம் கோத்ததும் 5-ஆம் படியில் செய்த கொக்கிச் சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள். இப்போது குழலின் எடையும் சேர்ந்திருக்கிறது. குழல் பின்னே இழுபட்டிருந்தால் பீரங்கி பின்பக்கம் குப்புற விழாது. விழுந்தால் குழல் இன்னும் சரியான இடத்துக்கு வரவில்லை.

8. வண்டியின் உட்புறமும் மேல்புறமும்

எம்4-இல் ஓட்டுநர் தவிர 11 பேர் உட்காரலாம். பீரங்கிக் குழு, குண்டு, வெடிமருந்து, கருவி எல்லாம் ஒரே வண்டியில் போக வேண்டும் என்பதே அந்த வடிவத்துக்குக் காரணம். அத்தனை இருக்கையும் சன்னல் வழியாகத் தெரியும். ஆகவே கூரையை ஒட்டும் முன் உள்ளே பெயின்ட் முடித்துவிடுங்கள். கூரையில் வட்டச் சட்டத்தின்மேல் நிற்கும் இயந்திரத் துப்பாக்கியைக் கடைசிவரை பெட்டியிலேயே வைத்திருங்கள். இப்போது மாட்டினால் சட்டைக் கையில் சிக்கி உடையும்.

சன்னல் பளிங்குத் துண்டுகளுக்கு சூப்பர் க்ளூ வேண்டாம், ஆவிபட்டு வெள்ளை படியும். மரவேலைக்கான வெள்ளைப் பசை போதும்.

9. பெயின்ட்: டர்பன் காற்று, ஜோஹன்னஸ்பர்க் காற்று

இணைய வழிகாட்டிகள் பெரும்பாலும் குளிர்நாட்டில் எழுதியவை. அந்த அளவுகளை அப்படியே எடுத்தால் இங்கே மாட்டிக்கொள்வீர்கள்.

டர்பனில் டிசம்பர் முதல் மார்ச் வரை காற்றில் ஈரம் அதிகம். லாக்கர் வகைப் பெயின்டோ தெளிபூச்சோ அடித்தால் மேலே பால் படிந்ததுபோல் வெளுக்கும். கரைப்பான் வேகமாக ஆவியாகிப் பரப்பைக் குளிரவைக்க, காற்றின் ஈரம் அதில் படிகிறது. காலை பத்து மணிக்கு மேல், வெயில் ஏறிய பிறகு, மழை வராத நாளில் அடியுங்கள். மெதுவாக ஆவியாகும் தின்னர் சேர்ப்பதும் உதவும். வெளுத்துவிட்டால் பதறி மேலே இன்னொரு பூச்சு அடிக்காதீர்கள், உலர்ந்த நாளில் தின்னர் மட்டும் மெல்லியதாகத் தெளித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

ஜோஹன்னஸ்பர்க்கில் நேர்மாறான தொல்லை. உயரமும் வறண்ட குளிர்காலமும் சேர்ந்து, அக்ரிலிக் பெயின்ட் ஏர்பிரஷ் முனையிலேயே காய்ந்து அடைக்கும். அங்கே காய்வதைத் தாமதப்படுத்தும் திரவம் சில சொட்டு வேண்டும். இங்கே எழுதும் விகிதத்தை அங்குள்ள தம்பிகள் எடுத்துத் திட்டியிருக்கிறார்கள், நியாயம்தான்.

அப்புறம் மின்வெட்டு. கம்ப்ரஸர் நடுப்பூச்சில் நின்றால் முனையில் பெயின்ட் கட்டியாகிவிடும், மாடலிலும் ஒரு கோடு விழும். வெட்டு அட்டவணை இருக்கும் காலத்தில் அதைப் பார்த்துவிட்டே கலக்குங்கள். காற்றுத் தொட்டி வைத்த கம்ப்ரஸர் என்றால் கையிலிருக்கும் பூச்சை முடிக்கும் அளவு காற்று மிஞ்சும்.

வரிசை: பிரைமர், ஒரு நாள் இடைவெளி, பள்ளங்களில் கருமை, பிறகு ஆலிவ் பச்சை. வண்டியையும் பீரங்கியையும் ஒரே நாளில், ஒரே கிண்ணத்தில் கலந்த பெயின்டால் அடியுங்கள். தனித்தனி நாளில் கலந்தால் பச்சை இரண்டு விதமாக வரும். உண்மையில் இரண்டும் வேறு வேறு ஆலையில் பூசப்பட்டவைதானே என்று வாதாடலாம். ஆனால் மாடலில் அது கவனக்குறைவாகவே தெரியும். வித்தியாசம் வேண்டுமென்றால் பீரங்கிக்குக் கடைசிப் பூச்சில் கொஞ்சம் வெளிர்நிறம் சேர்த்து, வேண்டுமென்றே செய்ததாகத் தெரியும்படி செய்யுங்கள்.

10. புழுதி எங்கிருந்து எங்கே போகிறது

பட்டை மண்ணைக் கிளறும், கிளறியது பின்னால் வருபவன்மேல் விழும். ஆகவே வண்டியின் முகம் ஓரளவு சுத்தம். வண்டியின் பின்பக்கம், லிம்பர், பீரங்கிப் பின்கால்களின் முன்முனை, சக்கரங்களின் முன்முகம்: அழுக்கு இங்கே குவிய வேண்டும். புதியவர்கள் வண்டிக்கு ஒரு கிண்ணம் சேறு பூசிவிட்டுப் பீரங்கியைப் பளபளவென்று விட்டுவிடுகிறார்கள். புழுதிச் சாலையில் மாட்டுவண்டிக்குப் பின்னால் சைக்கிளில் போனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பட்டையின் பளபளப்பு பட்டையின் வகையைப் பொறுத்தது. எஃகு முகம் தரையில் தேய்ந்தால் வெள்ளிபோல் மின்னும், பென்சில் கரியை விரலால் தேய்த்தாலே போதும். ரப்பர் கட்டை போட்ட பட்டை மின்னாது. ரப்பரில் வெள்ளி தடவிய மாடல்களைப் போட்டிகளில்கூடப் பார்க்கிறேன். ரப்பர் சாம்பல் படிந்த கறுப்பு, இடையிலுள்ள இணைப்பு இரும்பு மட்டும் மினுங்கும்.

கொக்கியின் உள்வளைவும் வளையத்தின் உள்விளிம்பும் எப்போதும் வெறும் இரும்பு. அங்கே பெயின்ட் ஒரு நாள்கூட நிற்காது. கொஞ்சம் கறுத்த கிரீசும் தொடுங்கள். அருங்காட்சியகத்தில் எடுத்த அந்த வளையப் படம் இங்கே பயன்படும்.

11. கோத்து நிறுத்துதல்

பட்டைகளை மாட்டி ஒட்டுங்கள், இயந்திரத் துப்பாக்கியை ஏற்றுங்கள், பலகையில் வண்டியை முதலில் நிறுத்துங்கள். தரையில் பட்டைத் தடத்தை வண்டியின் பின்னாலும், அதன்மேல் பீரங்கி டயர்களின் தடத்தையும் பதியுங்கள். டயர் தடம் மேலே, பட்டைத் தடம் கீழே. வரிசை மாறினால் பீரங்கி வண்டியை முந்திப் போனதாக ஆகிவிடும். சிரிக்காதீர்கள், பலர் செய்வது.

இனி, கொக்கிக்கும் லிம்பருக்கும் இடையே பிரேக் காற்றுக் குழாய்களும் பாதுகாப்புச் சங்கிலியும். இதை விட்டுவிட்டால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள், ஆனால் செய்தால் மாடலே உயிர் பெறும். 14 டன் பீரங்கி இறக்கத்தில் வண்டியைப் பின்னாலிருந்து தள்ளும். வண்டியின் பிரேக் மட்டும் பிடித்தால் வண்டி பக்கவாட்டில் மடங்கிவிடும். அதனால்தான் பீரங்கிக்கும் தனிக் காற்று பிரேக், அதை வண்டியிலிருந்தே இயக்க முடியும். மெல்லிய ஈயக் கம்பியோ மின்கம்பியின் உள்ளிழையோ எடுத்துக் குழாய் செய்யுங்கள். விறைப்பாக இழுக்காதீர்கள், கீழே ஒரு சின்னத் தொய்வு இருக்கட்டும். வண்டி திரும்பும்போது குழாய் நீள இடம் வேண்டும். சங்கிலிக்கு நகைக்கடைக் கழிவில் கிடைக்கும் மெல்லிய சங்கிலித்துண்டு போதும், அம்மாவிடம் கேட்டுவிட்டு எடுங்கள்.

கொக்கியை ஒட்டாதீர்கள். தாடையை மட்டும் மூடி வளையத்தை உள்ளே சும்மா விடுங்கள். குழாய்களின் ஒரு முனை வண்டியில் ஒட்டியிருக்கட்டும், மறுமுனை லிம்பரில் செருகி மட்டும் இருக்கட்டும். போட்டிக்கு என்-3 நெடுஞ்சாலையில் ஆறு மணி நேரம் ஜோஹன்னஸ்பர்க் போகும்போது அரை மீட்டர் மாடலை ஒரே துண்டாகக் காரில் வைக்க முடியாது. வண்டி ஒரு பெட்டியில், பீரங்கி ஒரு பெட்டியில், இடையில் ஸ்பாஞ்ச். குழல்வாய் எந்தப் பக்கம் என்று பெட்டியின்மேல் எழுதிவிடுங்கள், தூக்குகிறவர் அந்தப் பக்கத்தைக் கதவில் இடிக்காமல் இருப்பார்.